தலைதட்டிய சர்க்கரை

ஐசிங் சர்க்கரை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குக் கல்யாணமாகிக் கடலூருக்கு வந்த பிறகுதான் தெரியும். அதற்கு முன்னால் சர்க்கரை என்றால் எறும்புக்குப் பயந்து உறியில் வைப்பது, காப்பியில் போடுவது, அவ்வளவுதான். அதை மாவாக இடித்து, துணியில் சலித்து, எலுமிச்சம்பழச் சாறு விட்டுக் குழைத்து, கேக்கின் தலையில் பூசுவார்கள் என்று யாராவது சிதம்பரத்தில் என்னிடம் சொல்லியிருந்தால், பொழுது போகாதவர்கள் செய்கிற வேலை என்று சொல்லியிருப்பேன். அப்புறம் நானே அந்த வேலையில் தலைகுப்புற விழுந்தேன்.

என்னைத் தள்ளிவிட்டவர் பக்கத்து வீட்டு டீச்சரம்மா. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் கிறிஸ்தவர், பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். டிசம்பர் வந்தால் அவர் வீட்டிலிருந்து ஒரு வாசனை சுவர் ஏறிக் குதித்து வரும். அந்த வாசனைக்குப் பின்னாலேயே நான் போனேன். என் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். எனக்கும் பொழுது வேண்டுமே.

அப்போது யுத்தம் முடிந்திருந்தது. முடிந்துவிட்டது என்று பேப்பரில் போட்டு ஒரு வருஷம் ஆகியும் ரேஷன் கடைக்கு மட்டும் அந்தச் சேதி வந்து சேரவில்லை. இத்தனைக்கும் நெல்லிக்குப்பத்து ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகளை நாங்கள் பார்க்காத நாள் கிடையாது. வண்டி வண்டியாகக் கரும்பு போகும். நமக்கு வருவது கார்டுக்கு ஒரு பொட்டலம். ஐசிங் சர்க்கரையோ, யுத்தத்துக்கு முன்னால் சீமையிலிருந்து டின்னில் வருமாம். அப்படி வந்த ஒரு காலி டின்னில் டீச்சரம்மா கடுகு போட்டு வைத்திருந்தார். எனக்கு அதன் படத்தைக் காட்டித்தான் பாடம் ஆரம்பித்தார்.

டின் இல்லாவிட்டால் என்ன, இடி என்றார். ரேஷன் சர்க்கரையை முதலில் தாம்பாளத்தில் பரப்பி நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு இரும்பு உரலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடிக்க வேண்டும். மாவுச் சல்லடையில் ஒரு தரம், பாத்திரத்தின் வாயில் கட்டிய மல் துணியில் ஒரு தரம் சலிக்க வேண்டும். துணி மேல் தங்குவது மறுபடி உரலுக்குப் போகும். தூள் பறந்து மூக்கு, புருவம், தலைமுடி எல்லாம் வெள்ளையாகிவிடும். ஒருநாள் ஆபீசிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு "ம்" என்றார்.

இந்த "ம்" பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பேசுவது அபூர்வம். சாப்பாடு நன்றாயிருந்தால் ஒரு "ம்", உப்பு கம்மியென்றால் இன்னொரு "ம்", வீட்டில் திருடன் புகுந்தாலும் அதற்கென்று ஒரு "ம்" வைத்திருப்பார். எனக்கோ வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன். குடும்பம் நன்றாகவே ஓடியது.

இடிப்பதும் சலிப்பதும் கூடக் கஷ்டமில்லை. அளப்பதில்தான் டீச்சரம்மா என்னைப் பிழிந்தெடுத்தார். கைப்பிடி உடைந்த ஒரு டீ கப் அவருடைய அளவு. அதற்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"சலிச்ச அப்புறம்தான் அளக்கணும். ஸ்பூன்ல அள்ளி, பூப்போல கப்புல வுடணும். கப்பத் தட்டாத. குலுக்காத. அமுக்கவே அமுக்காத. மேல நிக்கிறத கத்தி முதுகால வழிச்சுத் தள்ளு. தலைதட்டி அளந்தாத்தான் அளவு."

"கொஞ்சம் மேல கீழ இருந்தா என்னா டீச்சரம்மா? நாங்க சாம்பாருக்கு அளந்தா போடுறோம்?"

"சாம்பாரு வேற, இது வேற. மாவா இடிச்ச சர்க்கரை காத்து மாதிரி ஒக்காந்திருக்கும். நீ கப்ப ரெண்டு தட்டு தட்டுனா அதே கப்புல ஒன்றரைக் கப்பு எறங்கிடும். அப்புறம் நான் சொன்ன சாறு பத்தாது. கல்லு மாதிரி ஆயிடும்."

நான் கேட்பேனா? முதல் தடவை சலிப்பதற்கு முன்னால் அளந்தேன்; கேக்கின் மேல் சுண்ணாம்புக் காரை பூசினாற்போல் வந்தது. அடுத்த தடவை சாற்றைத் தாராளமாக விட்டேன். ஐசிங் தட்டில் ஓடி, தட்டிலிருந்து மேடையில் ஓடி, எறும்புகளுக்கு அன்றைக்குப் பண்டிகை. மூன்றாவது தடவை தூளை முன்னாடியே செய்து டப்பாவில் மூடிவைத்தேன்; கடற்காற்றின் ஈரத்தில் அது கட்டி தட்டி, உடைக்க மறுபடி உலக்கை வேண்டியிருந்தது. தூளோடு ஒரு சிட்டிகை ஆரோட்டு மாவைக் கலந்து வைத்தால் கட்டாது என்று அதற்கப்புறம்தான் சொன்னார். முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சுவர்ப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவரே சுவருக்கு மேலே தலையை நீட்டி, "சலிச்சாச்சா?" என்று கேட்டார். கோபம் போன இடம் தெரியவில்லை.

கேக் சுடுவதற்கு எங்களிடம் இருந்தது ஒரு பெரிய தேக்சா. அடியில் மணல், மணல் மேல் மாவுத் தட்டு, மூடி மேல் தணல். முட்டை எங்கள் வீட்டில் புழங்காது. அதனால் தயிரும் சோடா உப்பும் போட்டு டீச்சரம்மா எனக்கென்று ஒரு பக்குவம் கண்டுபிடித்தார். பொங்கி வரும், சில நாள் பொங்காமல் நடுவில் குழி விழும். குழியை ஐசிங் மூடிக்கொள்ளும். எனக்கு அந்தச் சர்க்கரையின் மேல் அப்படி ஒரு பிரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் மகளுக்கு ஆண்டு நிறைவு வந்தது. காலையில் கோயில், பாயசச் சாப்பாடு. சாயங்காலம் ஆபீஸ்காரர்களுக்கும் தெருவுக்கும் கேக். இதற்காக நானும் அவரும் இரண்டு மாதமாக வெல்லக் காப்பி குடித்து ரேஷன் சர்க்கரையைச் சேர்த்தோம். விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே சிதம்பரத்திலிருந்து என் மாமனார் வந்து இறங்கினார்.

சிதம்பரம் கீழவீதியில் அவருக்கு அரிசி, பருப்புக் கடை. மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு மறு வருஷமே போய்விட்டார். அதற்கப்புறம் மாமனார் தனியாகத்தான் இருந்தார். கடையும் வீடும் ஒரே கட்டடம், முன்னால் கடை, பின்னால் வீடு. பேத்தியைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, காலை அலம்பி, பலகையில் உட்கார்ந்ததும் பேச்சை ஆரம்பித்தார்.

"தைக்கு வந்துருடா. கடைய நீ பாத்துக்க. குமாஸ்தா உத்தியோகத்துல என்னா இருக்கு? யாரோ சொல்றத எழுதுறது. நம்ம கடைக்கு நீதான் மொதலாளி."

என் வீட்டுக்காரர் "ம்" என்றார்.

அது எந்த "ம்" என்று எனக்கே தெரியவில்லை. நான் பிறந்து வளர்ந்ததும் சிதம்பரம்தான். ஊர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் பிறந்த வீட்டில் சமையல்கட்டுக்குள் நான் நுழையும்போதெல்லாம் எனக்கு முன்னால் அத்தை, சித்தி, பெரியம்மா என்று நாலு பேர் நிற்பார்கள். கடலூரில்தான் முதல்முறையாக ஒரு அடுப்பு என் பேச்சைக் கேட்டது. தேக்சாவைக் கவிழ்த்தாலும் நிமிர்த்தினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. கடைக்குப் பின்னாலிருக்கிற அந்த வீட்டுக்குப் போனால் கேக்காவது ஐசிங்காவது. கடையிலிருந்து வருகிற மாமனாரின் கணீரென்ற குரலுக்கு நடுவில் நான் அரிசி புடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு என் வீட்டுக்காரரைத் தனியாகப் பிடித்து, "போகப் போறோமா?" என்று கேட்டேன். "அப்பா சொல்றாரே" என்றார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன். "ம்" என்றார். அடித்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அவருக்கு அப்பாவை எதிர்த்துப் பேசி வழக்கமில்லை. ஒரு தடவைகூட. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதே, "பையனுக்குப் புடிச்சிருக்கா?" என்று என் அப்பா கேட்டதற்கு, மாமனார்தான் "புடிச்சிருக்கு" என்றார். அந்தப் பதில் சரியாய்ப் போனது என் அதிர்ஷ்டம்.

மறுநாள் சர்க்கரை இடிக்க உட்கார்ந்தேன். மாமனார் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா அது, சக்கரைய போய் இடிக்கிற?"

சொன்னேன். முட்டை உண்டா என்று கேட்டார். இல்லை மாமா, தயிர் என்றேன். அதோடு திருப்தியாகி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கையிலிருந்து உலக்கையை வாங்கினார். அரிசி மூட்டை தூக்கிப் பழகிய கை. நான் அரை நாளில் இடிப்பதை அவர் இரண்டு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் இடித்துப் போட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தில் வாய் தவறி, "இனிமே அளக்கணும் மாமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

"கடைக்காரன் நான் ஒக்காந்திருக்கப்ப நீ எதுக்கும்மா அளக்குற? கொண்டா இங்க."

கைப்பிடி உடைந்த கப்பை வாங்கினார். தூளை ஒரே அள்ளாக அள்ளினார். தரையில் டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டி இறக்கினார். மறுபடி அள்ளி, கோபுரம் மாதிரி குவித்தார். ஒரு பொடி கீழே சிந்தவில்லை. "லாபம்" என்று சத்தமாகச் சொல்லிப் பாத்திரத்தில் கொட்டினார். ஒன்று என்று சொல்லமாட்டார். முதல் அளவு எப்போதும் லாபம்தான். அப்புறம் "ரெண்டு".

"மாமா, அது... தலைதட்டி அளக்கணுமாம்" என்று மெதுவாக முனகினேன்.

"தலைதட்டுறதா! நல்ல காரியத்துக்கா? லால்பேட்டை பாய் வூட்டுக் கல்யாணத்துக்கு அரிசி அளந்தேன், கிள்ளையிலேருந்து வர்றவங்களுக்கு அளக்குறேன், மங்கல காரியம்னு சொல்லிட்டா நான் யாருக்கும் தலைதட்டுனது கெடையாது. எம் பேத்திக்கா தட்டுவேன்? கொறைவா அளக்கலாமா கொழந்தைக்கு?"

கணக்கு டீச்சரின் சட்டம் ஒரு பக்கம், குழந்தையின் ஆயுசு ஒரு பக்கம். வாயாடி என்று பேரெடுத்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு இடித்தது ஒத்திகைக்காகச் சுட்ட ஒரு சின்னக் கேக்குக்கு. எப்போதும் விடுகிற அளவு சாற்றை விட்டேன். கரண்டி திரும்பவில்லை. பதறிப்போய் ஒரு முழுப் பழத்தைப் பிழிந்தேன். இப்போது ஓட ஆரம்பித்தது. புளிப்போ வாயில் வைக்க முடியவில்லை. டீச்சரம்மா சுவருக்கு மேலிருந்து பார்த்துவிட்டு, "யாரு அளந்தது?" என்றார். நான் கண்ணால் மாமனாரைக் காட்டினேன். டீச்சரம்மா மரியாதைக்காரர், தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மாமனார் மட்டும் அந்தப் புளித்த ஐசிங்கை நக்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, சக்கரை ஜாஸ்தி போட்டா எதுதான் நல்லாருக்காது?" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்.

சேர்த்த சர்க்கரையில் பாதி போய்விட்டது. மீதி இருந்தது சரியாக ஒரு பெரிய கேக்குக்கு மட்டும் வரும். இதுவும் கெட்டால் வெறும் கேக்கைத்தான் ஆபீஸ்காரர்களுக்கு நீட்ட வேண்டும், அதுவும் நடுவில் குழியோடு.

ஆண்டு நிறைவன்று கோயிலும் சாப்பாடும் முடிந்து, கேக்கும் சுட்டு ஆறியாயிற்று. குழி இருந்தது. நான் சலித்து நிமிர்வதற்குள் மாமனார் கப்போடு உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். மாமனார் அள்ளினார். டொக் என்று ஒரு தட்டு தட்டினார். குவித்தார். "லாபம்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"அப்பா, அது தலைதட்டணும்."

யார் பேசியது என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. மாமனாருக்கும்தான். அவர் கப்பைத் தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தார்.

"என்னடா?"

"தலைதட்டி அளக்கணும்பா. நேத்து கெட்டுப்போனது அதனாலதான்."

"நல்ல நாள்டா. கொழந்தைக்கு அளக்குறது."

"இருக்கட்டும்பா. இது நெல்லு இல்ல, அரிசி இல்ல. இவ ரெண்டு மாசமா வெல்லக் காப்பி குடிச்சிருக்கா." என்று சொல்லி நிறுத்தினார். நிறுத்தினார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் பேசிப் பழகாதவருக்கு ஆரம்பித்ததை எங்கே முடிப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது. அதே மூச்சில், "தைக்கு நான் கடைக்கும் வரலப்பா. எனக்குக் கடை புடிக்காது. சின்ன வயசுலேருந்தே புடிக்காது" என்றார்.

குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்தது. அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. என் கை சர்க்கரையில் இருந்தது, எடுக்கவும் தோன்றவில்லை. நான் இரண்டு நாளாக எந்த வார்த்தைக்குத் தவம் கிடந்தேனோ அது வந்துவிட்டது. வந்த பிறகு, அந்தப் பெரியவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமனார் என் பக்கம் கையை நீட்டினார். கத்தியைக் கேட்கிறார் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று. கத்தியின் முதுகால் கப்பின் தலையை வழித்தார். "இப்பிடியா?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கப்பில் தூள் இறுகிப்போயிருந்தது. அதைக் கொட்டி உதிர்த்து மறுபடி லேசாக விட வேண்டும் என்று சொன்னேன். கொட்டினார், உதிர்த்தார், ஸ்பூனால் அள்ளிவிட்டார், வழித்தார். லாபம் என்று சொல்லவில்லை. அதற்கடுத்த கப்புகளுக்கும் வாயே திறக்கவில்லை.

ஐசிங் அன்றைக்கு வந்ததைப் போல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கரண்டியைத் தூக்கினால் நாடா மாதிரி விழுந்து, மெல்ல மெல்லத் தானாகப் பரவி, குழியை மூடி, பளபளவென்று இறுகியது. ஓரத்தில் கல்கண்டு பதித்தேன். ஆபீஸ்காரர் ஒருவர், "சுண்ணாம்பு இல்லியே?" என்று கேட்டு இரண்டு துண்டு சாப்பிட்டார். டீச்சரம்மா ஒரு துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பரீட்சைப் பேப்பரைத் திருப்பித் தருகிறவர் போலத் தலையை ஆட்டினார். எல்லாரும் சிரித்துப் பேசினார்கள். நானும் சிரித்தேன். என் கண் மட்டும் மூலையில் உட்கார்ந்து பேத்திக்குக் கல்கண்டு பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த மாமனார் பக்கமே போய் வந்தது.

வந்தவர்கள் போனதும் விளக்கேற்றினேன். மாமனார் சமையல்கட்டுக்கு வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தார். மிச்சமிருந்த சர்க்கரைத் தூளைப் போட்டு அவருக்கு ஒரு காப்பி கொடுத்தேன். என் வீட்டுக்காரர் வந்து கதவோரம் நின்றார். நிற்பதா போவதா என்று தெரியாமல் நின்றார்.

"கடை கெடக்குதுடா" என்றார் மாமனார், காப்பியைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்கே வேற ஆளுகிட்ட விட்டுட்டா முடிஞ்சுது. எனக்கும் முட்டி போயிடுச்சி, எத்தினி நாளைக்கு மூட்டையத் தள்ளுறது? நான் ஒன்னக் கூப்புட்டது கடைக்கு இல்லடா."

காப்பியை ஒரு வாய் குடித்துக் கீழே வைத்தார்.

"ஒங்கம்மா போனப்புறம், கடையக் கட்டிட்டு உள்ள போவேன். சோறு வடிப்பேன், திம்பேன், தட்டக் கழுவி வைப்பேன். எதிர்ல ஒக்கார ஆளு இல்ல. மகன வாடா, எங்கூட இருடான்னு எப்பிடிக் கூப்புடுறது? வெக்கமா இருந்துது. கடையப் பாத்துக்க வாடான்னா மொறையா இருக்கும்னு நெனச்சேன்."

இரண்டு நாளாக இந்த மனிதர் என் அடுப்பைப் பிடுங்க வந்திருக்கிறார் என்று உள்ளுக்குள் வைதுகொண்டிருந்தேனே! யோசிக்கவே இல்லை; யோசித்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. "அப்ப நீங்க இங்க வந்துருங்க மாமா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சுதான் சொல்றியாம்மா? நான் சும்மா ஒக்காந்திருக்க மாட்டேன். அடுப்பங்கரைக்குள்ள வருவேன், அதத் தொடுவேன், இத எடுப்பேன். கத்திக்கிட்டே இருப்பேன்."

"தெரியுது மாமா. வாங்க."

அவர் கதவோரம் திரும்பினார். "நீ என்னடா சொல்ற?"

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். இன்னொரு பலகையை எடுத்து அப்பாவின் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"ராத்திரிக்கு என்னா சாப்புடுறீங்கப்பா?" என்று கேட்டார்.